டயர் ரூம் தியேட்டர்

உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து யாராவது மந்திரம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டேன். போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சங்ககிரியில், என் பெரியப்பா மகன் ராசப்பண்ணன் வீட்டில். எதிரே கலர் டிவியில் ஐயர் உட்கார்ந்து வாயை அசைக்கிறார். மந்திரமோ என் பிடரிப் பக்கம் இருந்து வருகிறது. திடுக்கிட்டுத் திரும்பினேன். சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

"எப்படி தம்பி நம்ம செட்டப்பு?" என்றார் அண்ணன், மீசையைத் தடவிக்கொண்டு.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் லாரியில் ஸ்டியரிங் பிடித்தவர். இப்போது சொந்தமாக ரெண்டு லாரி. சங்ககிரியில் அது ஒன்றும் அதிசயமில்லை. அங்கே லாரி இல்லாதவரைத்தான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். பேச ஆரம்பித்தால் அண்ணனுக்கு பிரேக் கிடையாது. நாம் ‘உம்’ கொட்டினால் போதும், கொட்டாவிட்டாலும் பாதகமில்லை.

மகள் சாந்தியைத் தை மாசம் எடப்பாடியில் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்று இழுத்தடித்து, ஒருவழியாக ஆவணியில் கேசட்டைக் கையில் கொடுத்தார். அதைப் போட்டுப் பார்க்க டிவி, வீடியோ டெக், ஆம்ப்ளிஃபயர், நாலு ஸ்பீக்கர் பெட்டி... எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஸ்டெப்னி டயர் அடுக்கியிருந்த சின்ன ரூம் தியேட்டர் ஆகிவிட்டது. டயர் வாசனை மட்டும் இன்னும் ரூமைக் காலி செய்யவில்லை.

பெட்டிகளை வைத்தது யார்? அண்ணனேதான். எங்கே? லாரி கேபினில் எங்கே இருக்குமோ அங்கே!

டிரைவருக்கு முன்னால் கண்ணாடியும் ரோடும்தான் இருக்கும். பாட்டு தலைக்குப் பின்னால் இருந்துதான் வரும். வேறு இடம் ஏது? வீட்டிலும் அண்ணனுக்கு அதே நியாயம். பேச்சு கேட்பதற்கென்று வாங்கிய நடுப் பெட்டி பின்சுவரில், உட்காருகிறவர்கள் தலைக்கு மேலே. அதற்கு இரண்டு பக்கமும் சின்னப் பெட்டிகள். உட்கார, ரெக்சின் போட்ட பழைய லாரி சீட்டு. தவில் சத்தத்தை அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி தருமே பேஸ் பெட்டி, அந்தப் பெரியது சீட்டுக்கு அடியில், மூலையோடு மூலையாக.

"சீட்டு அதிரோணும் தம்பி. அப்பத்தான் வண்டி ஓடுறாப்பல இருக்கும்."

கல்யாணத்தைப் பார்க்க வண்டி எதற்கு ஓட வேண்டும்? கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கெட்டிமேளம் வந்துவிட்டது. சீட்டோடு சேர்ந்து என் பல்லும் ஆடியது.

லோடு விஷயமாக யாரோ கூப்பிட, அண்ணன் வெளியே போனார். கதவோரம் நின்றிருந்த சரசு அண்ணி பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உங்களுக்கு இந்தப் பொட்டியெல்லாம் தெரியுமுங்களா?"

"ஏனுங்க அண்ணி?"

"சாந்தி கார்ல ஏறும்போது எங்கிட்ட என்னமோ கேட்டுச்சுங்க. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. நானும் அழுதுட்டே இருந்தனா... சரி சாமி, சரி சாமின்னு தலையாட்டிப்போட்டேன். எதுக்குத் தலையாட்டுனேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க."

"அவளையே கேட்டிருக்கலாமே?"

"சரின்னு சொல்லிப்போட்டு, இப்பப் போயி என்ன சாமி கேட்டேன்னு கேக்க முடியுங்களா? இப்பெல்லாம் நாங்க போனா மொகங்குடுத்தே பேச மாட்டேங்குது. நான் சொன்ன சொல்லு எதையோ காப்பாத்துலீங்க தம்பி. அது மட்டும் தெரியுது."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. மகள் கேட்டது அந்தக் கேசட்டில் இருக்கிறது. அண்ணி ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார். சாந்தியின் வாய் அசைகிறது. பின்னால் இருந்து ஏதோ கசமுசா. அடியில் இருந்து தவில் இடி. சரி, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்கலாம் என்றால், கொசுச் சத்தம் எதற்கு என்று அதன் ஒயரை அண்ணன் முதல் நாளே பிடுங்கிவிட்டாராம்.

அண்ணன் திரும்பி வந்ததும் ஆரம்பித்தேன்.

"பேசுற ஆளு முன்னால இருந்தா, பேச்சும் முன்னால இருந்துதானுங்கண்ணா வரணும். நடுப் பெட்டியை டிவி மேல வெப்போம்."

"லாரில எல்லாம்..."

"இது லாரி இல்லீங்கண்ணா."

என்னைப் போல் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் அவர்களில் ஒருவர். பெட்டியைக் கழற்றி டிவி தலையில் வைத்தோம். அவ்வளவுதான், சாந்தியின் முகம் பச்சையாகிவிட்டது! மாப்பிள்ளையின் நெற்றி ஊதா! ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தம் கலர் டிவிக்கு ஆகாதாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

"எம் புள்ளைய என்ன பண்ணிப்போட்டே?" என்று அண்ணன் அலறினார்.

அண்ணி பெட்டியைத் தூக்கினார். ஒரு குட்டை முக்காலியை இழுத்து, டிவியை விட்டுத் தள்ளி, திரையை மறைக்காமல் போட்டு, அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. இப்போது பேச்சு, பேசுகிறவர்கள் பக்கமிருந்தே வந்தது. ஆனால் தவில் விடவில்லை. பெரிய பெட்டியை மூலையிலிருந்து இழுத்து நடு ரூமில் வைத்துப் பார்த்தோம். சீட்டு ஆடுவது நின்றது, இடி நிற்கவில்லை.

"ஏனுங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் அண்ணி.

"பேஸு இல்லாட்டிக் கல்யாணமாட்டவே இருக்காது புள்ளே! அதுதான் இந்த செட்டுக்கே உசுரு. கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா..."

"இருக்காட்டிப் போகுது. நிறுத்துங்க."

அண்ணி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை போல. பெரிய பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

கேசட்டை ரீவைண்ட் செய்து போட்டோம். கார் கதவு. வீடியோ லைட் வெளிச்சம். அண்ணியின் தோளில் முகம் புதைத்த சாந்தி. தவில் எங்கோ தெருக்கோடிக்குப் போய்விட்டது. நடுப் பெட்டியிலிருந்து கரகரப்பாக, ஆனால் தெளிவாக, அவள் குரல்:

"அம்மா, மாசத்துக்கு ஒருக்கா நீ மட்டும் தனியா வாம்மா. அப்பா கூட வந்தா அப்பாவேதான் பேசிட்டு இருப்பாங்க. நீ பேசவே மாட்டே. வருவியா?"

திரையில் அண்ணி தலையாட்டுகிறார். சரி சாமி, சரி சாமி.

ரூமில் இருந்த அண்ணி அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஒருக்காக்கூடப் போகலியே..." என்றார். போனதெல்லாம் அண்ணனோடு ஜீப்பில்தான். சம்பந்தியிடம் டீசல், டயர், செக்போஸ்ட் என்று அண்ணன் பேசி முடிக்கும்போது கிளம்புகிற நேரம் வந்துவிடும். தலையாட்டிய அம்மா வருவாள், வருவாள் என்று அந்தப் பெண் ஒவ்வொரு மாசமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் என்ன அப்படியா பேசறேன்?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

எல்லா வீட்டிலும் ஒரு பெரிய சத்தம் உண்டு. அடுத்தவர் வீட்டுச் சத்தம்தான் நமக்குச் சட்டென்று கேட்கும். இதை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே அண்ணி எடப்பாடிக்குக் கிளம்பிவிட்டாராம். ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறேன் என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். "பஸ்ஸு இருக்குதுங்க" என்று அண்ணி பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நேற்று போனில் இதையெல்லாம் சொன்னதே அண்ணன்தான். அண்ணி மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் வந்தாராம். "அப்படி என்னதான் புள்ளே பேசுனீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"பாதிதானுங்க பேசியிருக்கறோம்" என்றாராம் அண்ணி. "மீதிக்கு அடுத்த வாரம் போறேன்."