பதினெட்டு மீட்டர் ஆழத்துத் தண்ணீர்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து சாப்பிடப் போகலாம். நம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: சாப்பிட்ட கையோடு படிக்காதீர்கள்.

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, தானாகத் திறக்கும் கதவு என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் கிடையாது. பளிச்சென்ற பகல், ஓர் ஏரி, ஒரு மோட்டார் படகு. படகில் பல்கலைக்கழகத்துத் தண்ணீர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன் ஒருவன். கூடத்தில் எல்லோருக்கும் அவன் மூக்கன். மூக்கு பெரியது என்பதால் அல்ல. சாக்கடைத் தண்ணீரை முகர்ந்து பார்த்தே அது எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். வரம்தான். ஆனால் கூடப்பிறந்தவர்கள்கூடப் பாராட்டாத வரம்.

ஏரியின் நடுவே ஆரஞ்சு மிதவை ஒன்று உண்டு. மூன்று வருடமாக அந்த இடத்தில்தான் அடித் தண்ணீர் எடுக்கிறான். கயிறு பதினெட்டு மீட்டர் இறங்கி, மெத்தென்று எதையோ தொட்டு நிற்கும். அங்கிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழத்தில் குளிர்ச்சிதானே இருக்க வேண்டும்? அவனுக்கு வழிகாட்டியான மேடம் அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அடியில் வெந்நீர் ஊற்று! யாரும் கண்டுபிடிக்காத ஊற்று! மூக்கனின் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பே அதுதான்.

மாதம் ஒரு புட்டித் தண்ணீர் எடுத்து வந்ததில், ஒரு மாதத்துப் புட்டி மட்டும் முன்பு கைதவறி உடைந்திருந்தது. அந்த ஒன்றை நிரப்பினால் போதும், அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். தவறினால் உதவித்தொகை நின்றுபோகும், அக்கா வீட்டு ஓசிச் சோறு இன்னொரு வருடம் நீளும். அந்தக் கடைசித் தேதியை மூக்கனைவிட அத்தான்தான் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழத்துத் தண்ணீரை எடுக்க ஓர் உருளை இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், மேலும் கீழும் திறந்த மூடிகள். கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். பிறகு ஒரு பித்தளைக் குண்டைக் கயிறு வழியே கீழே விட வேண்டும். அது போய் இடித்ததும் இரண்டு மூடிகளும் ‘டக்’கென்று சாத்திக்கொள்ளும். அந்தக் குண்டுக்குத் தூதுவன் என்று பெயர். தூதுவன் போய்த் தட்டாமல் மூடி சாத்திக்கொள்ளாது.

கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு உண்டு; அன்று பதினெட்டாவது கோடு தண்ணீரைத் தொட்டது. மூக்கன் தூதுவனைக் கையில் எடுத்தான்.

டக்.

கீழேயிருந்து வந்தது. கயிறு ஒருமுறை அதிர்ந்தது.

தூதுவன் இன்னும் அவன் உள்ளங்கையில்தான் இருந்தது.

மீன் இடித்திருக்கும் என்றார் படகுக்காரர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். மூக்கனும் மீன் என்றே முடிவு செய்தான். வேலை மிச்சம்.

இழுத்தான். கயிற்றில் ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. கையை எடுத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது. பாசி அப்படி வராது. கைக்குழந்தையின் வாயோரம் வழிவதுதான் அப்படி வரும்.

அப்போதுதான் நாற்றம் அடித்தது. சேறு இல்லை, செத்த மீன் இல்லை, சாக்கடையும் இல்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல பல்லு வெளக்குனீங்களா?"

படகுக்காரர் கைப்பேசியை மெதுவாக மடியில் வைத்தார். "அந்த மூக்கக் கழட்டி வீட்லயே வச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்றவர், அருகே வந்து அவன் முகத்துக்கு நேரே ‘ஹா’ என்று ஊதினார்.

கிராம்பு மணத்தது.

நாற்றம் உருளைக்குள்ளிருந்து வந்தது. விடிந்து எழுந்து இன்னும் கொப்பளிக்காத வாயின் நாற்றம். மூன்று வருடம் லேசாக அடித்ததைச் சேறு என்றே நினைத்திருந்தான். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. பல்லிடுக்கிலிருந்து தோண்டி எடுத்தவை போல...

உருளைக்குள் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தேழு. காய்ச்சல் இல்லாத மனிதனின் சூடு.

இந்த ஒரு புட்டிதானே.

உருளையின் அடியில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதைப் புட்டியின் அடிவரை விட்டுக் குமிழி வராமல் நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு குமிழி நின்றாலும் தண்ணீரில் கலந்த பிராணவாயுவின் கணக்கு கெட்டுவிடும். குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. உதறினான். தட்டினான். வரவில்லை.

ஆய்வுக்கூடச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: வாயால் உறிஞ்சாதே. எழுதி ஒட்டிய மேடம் உட்பட எல்லோரும் உறிஞ்சுவார்கள்.

மூக்கன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான்.

வெதுவெதுப்பாக ஏதோ நாக்கில் பட்டது. வழவழப்பு... லேசான உப்பு... வேறொருவர் மென்று பாதியில் துப்பியது போல.

துப்புவதற்குள்...

மறுமுனை உறிஞ்சியது.

அவன் இல்லை. உருளையின் பக்கத்திலிருந்து.

நாக்கின் நுனி குழாய்க்குள் போனது. கன்னம் ஒட்டிக்கொண்டது.

இழுத்தான். அதுவும் இழுத்தது.

"ம்ம்..." என்றான். வேறு எதுவும் வரவில்லை.

டச்.

விட்டது.

அவன் படகின் விளிம்பில் தொங்கிக் காலையில் தின்றதை ஏரிக்கே திருப்பிக் கொடுத்தான். திரும்பிப் பார்த்தபோது குழாய் புட்டிக்குள் கிடந்தது. தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. ஒரு குமிழிகூட இல்லாமல். கழுத்துவரை வந்ததும் தானாகவே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் அத்தனையையும் தூக்கி ஏரியில் எறிந்திருப்பார்கள். இவன் மூன்று வருட ஆராய்ச்சி மாணவன். புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, குமிழி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடைப்பானை அழுத்தி மூடினான்.

ஆனால் பிராணவாயு குறையாமல் கட்டி வைக்கும் மருந்தை அதில் விட மறந்தான். ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் வைத்துவிட்டு ஓடினான்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்து ஒரு நொடி நின்றாள்.

"எதத் தின்னுட்டு வர்ற? போய் வாயக் கொப்பளி."

கொப்பளித்தான். அன்று பலமுறை.

இரண்டு நாள் கழித்து, ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் புதுக் கருவி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. வெந்நீர் ஊற்றைப் படம் பிடிக்க மேடமே ஆசையாக ஏரிக்குப் போனார். திரும்பி வந்து மூக்கனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மிதவை இருக்கற எடத்துல ஆழம் மூணரை மீட்டர். ஏரி முழுக்கத் தேடியும் நாலத் தாண்டல. பள்ளம் இல்ல, ஊத்து இல்ல. நீ பதினெட்டுன்னு எழுதியிருக்க."

மேடம் அவனுடைய குறிப்பேட்டை அவன் முன்னால் தள்ளினார்.

"மூணு வருஷமா எங்கப்பா கயிறு விட்ட?"

பொய்க் கணக்கு எழுதியவன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, கயிற்றை எடுத்து வந்து மேசை மேல் விரித்தான். அந்தக் கொழகொழப்பு காய்ந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பதினெட்டாவது சிவப்புக் கோடு வரை. அதற்கு மேல் கயிறு சுத்தம்.

மேடம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கயிற்றை அவர் தொடவே இல்லை.

"கடைசியா எடுத்த புட்டி எங்க?"

இருவரும் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நான்கு டிகிரி. சுற்றியிருந்த புட்டிகள் எல்லாம் சில்லென்று இருந்தன. அதை மட்டும் மூக்கன் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

வெதுவெதுப்பு.

குமிழியே இல்லாமல் மூடிய புட்டி. இப்போது கழுத்தில் இரண்டு விரல் அளவு தண்ணீர் குறைந்திருந்தது. அடைப்பான் அசையவில்லை. வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்த இரண்டு விரல் இடத்தில், கண்ணாடியின் உட்புறம் மெல்லப் பனி படர்ந்தது.

கலைந்தது.

மறுபடி படர்ந்தது.