காலியாக வந்த கிண்ணம்

அந்தப் புத்தகத்தை அலுவலகத் தோழி கொடுத்தாள். விழுப்புரத்தில் என் மேசைக்கு எதிர் மேசை அவளுடையது. "சின்ன புக்குதான், போக வர ரெண்டு நாள்ல முடிச்சிடுவ" என்றாள். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறவள் நான். துப்பறியும் கதைதானே, கவலையை மறந்து படிக்கலாம் என்று வாங்கிக்கொண்டேன்.

கதை ஒரு சிறிய ஊரில் நடக்கிறது. தெருநாய்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு அதே விஷத்தில் ஒரு காவலாளி இறந்துபோகிறார். அவருக்காக வருகிற பெண் இன்ஸ்பெக்டர் நாய்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விஷத்தை யார் வாங்கினார்கள் என்று அவள் கேட்பதில்லை. கடைசியாகச் செத்த நாய் வெளியாள் போட்டதைத் தின்னாது. அப்படியானால் அது யார் வீட்டுப் பாத்திரத்தில் தின்றது என்று கேட்கிறாள்.

ரயில் முண்டியம்பாக்கம் தாண்டும்போது அந்தப் பக்கத்தைப் படித்தேன். விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவிலும் போன வருஷம் வரை ஒரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பழைய அலுமினியக் கிண்ணம் ஒன்றில் அதற்குத் தயிர்சோறு வைப்பாள். வேறு எதில் போட்டாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். யாரோ கல்லால் அடித்ததிலிருந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்து உறுமத் தொடங்கியது. மகளிடம் ஒருநாளும் உறுமியதில்லை. ஆனாலும் நாய்க்கடி பற்றி ஏதோ செய்தி பார்த்த அன்று, மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்காவிடம், "கொழந்தைய வெச்சிக்கினு பயமா இருக்குதுக்கா" என்றேன். ஒருமுறை சொன்னேனா, இரண்டுமுறையா, நினைவில்லை.

சில நாள் கழித்து அக்கா வந்து அந்தக் கிண்ணத்தைக் கேட்டார். "கறிக்கொழம்பு மீந்துபோச்சு, நாய்க்கு வெக்கலாம்னு" என்றார். கொடுத்தேன். மறுநாள் காலை நாய் சாக்கடை ஓரம் விறைத்துக் கிடந்தது. பாம்பு கடித்திருக்கும் என்றார்கள். மகளிடமும் அதையே சொன்னேன். சாயங்காலம் கிண்ணம் என் வாசலில் இருந்தது, பளபளவென்று தேய்த்து, காலியாக.

எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். அக்கா இதில் ரொம்பக் கண்டிப்பு. உறைமோர் வாங்கிய டம்ளரில்கூட நாலு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அதையாவது போட்டு அனுப்புவார். அன்று அதைக் கவனிக்கத்தான் செய்தேன். நாய்க்கிண்ணத்தில் யார் எதைப் போட்டுத் தருவார்கள் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நாய்க்கிண்ணத்தை எதற்கு அவ்வளவு தேய்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

ரயிலில் அந்தப் பக்கத்தைப் படித்த அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "கதைய படிச்சிட்டு பேஜாரு பண்ணாத. வாடகைக்கு இருந்துக்கினு வீட்டுக்காரங்கள போலீஸ் மாதிரி கேப்பியா?" என்றார். அவர் சொன்னது நியாயம் என்று தோன்றியது. சனிக்கிழமை வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, நாய்க்கு என்ன வைத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

அக்கா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தார். "இன்னாம்மா புதுசா கேக்கற? உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு இருக்கோம். கொழந்தைய வெச்சிக்கினு பயமா இருக்குதுன்னு நீதான சொன்ன? அதான் எங்க ஊட்டுக்காரரு எலி மருந்து வாங்கியாந்தாரு." குரலில் கோபமில்லை. செய்த உதவியை நான் மறந்துவிட்டேன் என்பது போலக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"சரிக்கா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பினால் மகள் படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அம்மா, நான் பயம்னு சொல்லவே இல்லியே" என்றாள்.

இல்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது, கிண்ணத்தைக் கொடுத்ததும் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாமா, கூடாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மதியம் தட்டில் சோறு பிசைந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.