ரெண்டும் இருக்கட்டும்மா

எங்கள் டீம் லீடர் ஆண்டர்சன்பேட்டைக்காரர். கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூரு போகும் காலை ரயிலில், மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளையும் உட்காரவைப்பதுதான் அவருடைய வாழ்நாள் சாதனை. ஜன்னல் வழியாக அவர் போட்ட கைக்குட்டையும் இன்னொருவர் போட்ட துண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் சண்டையே கிடையாது. "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் ஒருமுறை, "நவுந்துக்குங்க" என்று தமிழில் ஒருமுறை. இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கும் வசதியாக இருக்காது, அது வேறு விஷயம்.

அதே ரயிலில் போய் அவருக்குக் கீழே நான் கெர்னல் வேலை பார்க்கிறேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். உலகம் முழுக்க முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதுவது. அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தேன். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கைவைக்காதபடி, அங்கே இருந்த பூட்டைப் பூட்டச் சொல்லும் சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் கெர்னலில் சேர்ந்துவிட்டால் என் பெயரோடு நிற்கும். சுரங்கம் மூடியதிலிருந்து வீட்டில் இருக்கும் என் அப்பா, "எம் பொண்ணு எழுதனது ஒலகம் பூரா ஓடப் போவுது" என்று டீக்கடை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அனுப்பும் நேரத்தில் மோதல். ஜெர்மனியில் யாரோ ஒருவர் அதே பிழைக்கு, அதே இடத்தில், அதே பூட்டைப் பூட்டி எனக்கு முந்திவிட்டார். இப்படி ஆனால், வரிகளைச் சேர்க்கும் கருவி இருவர் வரிகளையும் மேலும் கீழுமாகக் காட்டி, எது வேண்டும் என்று நம்மிடம் விட்டுவிடும். நாம் யோசிக்க வேண்டும். லீடர் யோசிக்கவில்லை. நடுவில் இருந்த அடையாளக் கோடுகளை மட்டும் அழித்தார்.

"ரெண்டும் இருக்கட்டும்மா. பாவம், ரெண்டு பேரும் கஷ்டப்பட்டிருக்கீங்க."

"ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாம் சார்."

"கம்பைல் ஆவுதுல்ல? இன்னா பயம்?" என்று அனுப்பியும் விட்டார். கம்பைல் ஆனால் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை என்றுதான் அர்த்தம், ஓடும் என்றல்ல.

அதை வாங்கிச் சோதித்த கெர்னல் பராமரிப்பாளரின் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஜெர்மன்காரரின் வரி பூட்டைப் பூட்டியது. அடுத்து வந்த என் வரி, பூட்டு திறக்கட்டும் என்று காத்து நின்றது. திறக்க வேண்டியதும் அதே வேலைதான். கடைசிவரை நிற்க வேண்டியதுதான். இதை எழுதியவர்கள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தார்களா என்று பராமரிப்பாளர் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவிலேயே கேட்டுவிட்டார்.

"கொஞ்சம் கோவக்காரன் போல," என்றார் லீடர். "நீயே பாத்து முடிச்சிடும்மா."

பார்த்தேன். ஜெர்மன்காரரின் வரிகள் என்னுடையவை காத்த இடத்தையும், நான் கவனிக்காத இன்னோர் இடத்தையும் சேர்த்துக் காத்தன. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மறுபடி படித்தேன். கிடைக்கவில்லை. என் வரிகளை அழித்தேன். கம்ப்யூட்டர் உடனே ஓடியது. ஒரு கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து எனக்கு அப்படி வயிறு எரிந்ததில்லை.

அன்று மாலை ரயிலில் லீடர் எனக்காக நான்கு பேரை நகர்த்தி இடம் பிடித்தார். நான் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உன்னுது ஓடுதா?"

"என்னுத எடுத்துட்டேன்பா. எடுத்தப்புறம்தான் ஓடுது."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மைன்ஸ்ல எங்களயும்தான் எடுத்தாங்க," என்றார். "அது எங்க ஓடுச்சி?"