கோலத்துக்குப் போனவள்

அம்மாவின் கணக்கில் நான் ஏறக்குறைய ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிப் பெற்றவளை ஏமாற்றியவள் என்று என் சித்தி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. மலாயில் நீச்சல் குளத்தைக் ‘கோலம்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அவர் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் மகளுக்கு நல்ல திறமை இருக்கிறது, இனிமேல் மாலையில் கோலத்தில் பயிற்சி, நானே காரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார். அம்மாவுக்குத் தோட்டத்து வேலைக்கு வேண்டிய மலாய் தெரியும், ஆனாலும் அவள் காதில் விழுந்தது நம் வாசல் கோலம். அதற்கு நான் என்ன செய்வது?

அம்மா பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குபவள். பொங்கலுக்குத் தோட்டத்துக் கோயிலில் கோலப் போட்டி வைத்தால் பரிசு அவளுக்குத்தான். அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது, அதை ஒரு மலாய்க்கார டீச்சரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் நான் ஈரத் தலையோடு வந்து நின்றபோது கேட்டாள்.

“என்னாடி, தலையெல்லாம் ஈரமா இருக்கு?”

“குளிச்சேன்மா.”

“கோலம் போடுறதுக்கு முன்ன குளிக்கச் சொல்றாங்களா?” என்றவள், அப்பாவிடம் திரும்பி, “மலாய்க்காரங்களா இருந்தாலும் முறை தெரிஞ்சிருக்கு பாருங்க,” என்றாள். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுபவர். சாப்பிடும் நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவார்.

கண் சிவந்திருந்தால் மாவு பட்டிருக்கும் என்று அம்மாவே முடிவு செய்துகொண்டாள். குளோரின் வாசத்துக்கு மட்டும் மூக்கைச் சுளித்தாள். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தில் தரை கழுவ மருந்தை அள்ளி ஊற்றுகிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு அக்காவை, அரைக்கால் சட்டை போடுகிறாள் என்பதற்காகவே வலைப்பந்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நீச்சல் உடுப்பைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். நான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் குட்டையில் அண்ணன்மாரோடு குதித்து நீந்தப் பழகியவள். அது சேற்றுத் தண்ணீர், கையை விட்டால் கை தெரியாது. சிரம்பான் டவுன் நீச்சல் குளத்தில் முதல் தடவையாக, அடியில் போட்ட கறுப்புக் கோடு வரை தெரிகிற தண்ணீரைப் பார்த்தபோதே, யார் என்ன சொன்னாலும் இதை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்கள். சிரம்பானில் போட்டி இருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் போன பிறகு வேலைக்கு மட்டம் போட்டு, கோயிலுக்குக் கட்டும் மஞ்சள் சேலையைக் கட்டி, எனக்குக் கலர் மாவு பற்றாமல் போய்விடுமோ என்று பை நிறைய மாவு எடுத்துக்கொண்டு, அப்பாவின் லாரியில் சிரம்பானுக்குள் தெமியாங் வரை வந்து இறங்கியிருக்கிறாள். அங்கிருந்து போட்டி நடக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டே நடந்து வந்து, விளையாட்டு அரங்கத்து வாசலில் இருந்த காவலாளியிடம், கோலம் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவரும் சரியாகத்தான் வழி காட்டியிருக்கிறார்.

நான் அப்போது தண்ணீர் ஓரத்தில் குதிக்கும் மேடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏய், இது என்னாடி கோலம்?”

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

“இறங்குடி கீழ.”

அந்த நேரம் பார்த்துச் சத்தம் கொடுத்தார்கள். இறங்கச் சொன்னாள், இறங்கினேன். முன்பக்கமாக.

மூச்செடுக்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சேலை தெரிந்தது. கையில் பையோடு என் கூடவே நடந்துகொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, என்ன திட்டுகிறாள் என்று கேட்கவில்லை. கரையைத் தொட்டதும் இவள் கையைப் பிடிப்பாள், அதோடு சரி, இனி இந்தத் தண்ணீர் கிடையாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடைசி என்றால் முழுசாக எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அடித்தேன். இரண்டாவதாக வந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா துண்டை என் மேல் சுற்றி மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் வளையல் என் எலும்பில் அழுந்தியது. “நட வீட்டுக்கு,” என்றாள். டீச்சர் ஓடிவந்து ஏதோ சமாதானம் சொன்னார். அம்மா காதில் வாங்கவில்லை.

வாசலுக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டு, பெயர் எழுதிக்கொண்டிருந்தார் ஓர் அதிகாரி. எங்களைப் பார்க்காமலேயே டீச்சரிடம் பேசினார். தோட்டத்து இந்தியப் பிள்ளைகளை எடுத்து என்ன பிரயோசனம், ஒரு வருடம் வருவார்கள், பிறகு அம்மாக்காரியே நிறுத்திவிடுவாள், மூன்றாவதாக வந்த பெண்ணைப் போட்டால் அவளாவது நிலைத்து நிற்பாள் என்றார். மலாயில்தான் சொன்னார். வேலை வாங்கும் மண்டோரிடம் மலாயிலேயே மல்லுக்கட்டி வேலை பார்க்கிறவளுக்கு அது புரியாமல் போகுமா? அம்மாவின் நடை நின்றது.

அந்த ஆள் சொன்னதில் தவறே இல்லை. அம்மாக்காரி அந்த நிமிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். என் கையை விடவில்லை. “என்சே, இந்தப் பிள்ளய நிறுத்துறதுன்னா நான் நிறுத்துவேன். நீங்க யாரு?” என்று, ஐயா போட்டுத்தான், தன் தோட்டத்து மலாயில் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்படின்னா நிறுத்தப் போறீங்களா, இல்லையா?”

அம்மா என்னைப் பார்த்தாள். சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி அந்த ஆளைப் பார்த்தாள்.

“அது எங்க வீட்டு விசயம். நீங்க பேர எழுதுங்க.”

எழுதினார். பேருந்தில் அம்மா கலர் மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. என் வயதுக்கு எவ்வளவு திட்டு தாங்குமோ அவ்வளவும் வாங்கினேன். சித்தி வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். கடைசியில் அப்பாதான், “பேரு எழுதியாச்சுல்ல, இனிமே என்னா செய்யிறது,” என்று சோற்றைப் பிசைந்தார்.

அதன் பிறகு பள்ளி முடிந்து, பல்கலைக்கழகம் முடியும் வரை மாநிலத்துக்காக நீந்தினேன். தேசிய அணிக்குப் போனாயா என்று கேட்பார்கள். போகவில்லை. அதற்காக நான் தலை குனிந்து பேசப் போவதும் இல்லை. உங்கள் ஆட்களுக்கு எலும்பு கனம், மிதக்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. கறுத்துப் போய்விடுவாள், எவன் கட்டுவான் என்று கோயிலில் கேட்டவர்கள் உண்டு. கனமான எலும்பும் கறுத்த தோலுமாகத்தான் அத்தனை பேரையும் தாண்டிப் போனேன்.

அம்மா அதிகாரியிடம் பேசியதைக் கேட்டு, அவளுக்கு நீச்சல் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிடிக்கவில்லை, ஒரு நாளும் பிடிக்கவில்லை. என் முடிக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம், “இன்னும் எவ்வளவு நாளைக்கு?” என்று கேட்பாள். நான் இதைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

போன வருடம் லுக்குட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கார் பட்டறை. நான் இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறுகளில் சின்னப் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், பெரியவர்களுக்கான போட்டி எங்கே நடந்தாலும் போய் நீந்துகிறேன். எல்லாம் கேட்டுக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா, “பிள்ளய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த நீச்சல மட்டும் நிறுத்திரணும்லா,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தேநீர்த் தட்டை அவர்கள் முன்னால் வைத்தாள்.

“டீ ஆறுது, குடிங்க. குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க.”

“இல்ல, நாங்க என்னா கேட்டோம்னா...”

“காதுல விழுந்துச்சு. நீங்க கெளம்புங்க.”

கார் செம்பனை மரங்களுக்கு நடுவே திரும்பி மறையும் வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நல்ல எடம். சொந்த வீடு, சொந்தப் பட்டறை. இப்ப சந்தோசமா உனக்கு?”

“சந்தோசம்தான்மா.”

“எனக்கு இல்ல,” என்றாள் அம்மா. யாரும் தொடாமல் விட்டுப்போன பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினாள். “தின்னு. காலையில தண்ணிக்குப் போவணும்ல.”