தூணில் வெட்டிய கோடுகள்

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள், அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து வடிந்தது. மறுநாள் படியிறங்கியதும் சேற்று வாடை அடித்தது. எனக்கு அது இங்கிலாந்து வாடை.

என் சின்ன வயதில் அப்பா அங்கே ஓர் ஆற்றங்கரைச் சந்தை ஊரில் டாக்டர். படகில் வந்து இறங்கிய தானியத்தால் உண்டான ஊர் அது. சந்தை மண்டபத்தின் கல்தூணில், ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரத்தைக் கோடாக வெட்டி, வருஷத்தையும் பொறித்திருந்தார்கள். மிகப் பழைய கோடு அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது.

ஒரு குளிர்காலத்தில் ஆறு பொங்கியது. கடைக்காரர்கள் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா காவிரிக்கரைக்காரி, ஆற்றில் வெள்ளம் வந்தால் கும்பிடத்தான் தெரியும். பட்டுப்புடவை கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போய், மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டுக் கைகூப்பினாள்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த, சந்தையில் முட்டை விற்கும் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"இன்னும் வரட்டும்னா கும்பிடறே?" என்று இங்கிலீஷில் கத்தினாள். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், தூணில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தாள். "எங்கப்பா இந்த வெள்ளத்துல போனவர்."

அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல்மூட்டை சுமந்தாள்.

இங்கே, பேஸ்மென்ட் சுவரைத் துடைக்க என் கணவர் துணியை எடுத்தார். எங்களோடு இருக்கும் அம்மா படியிலிருந்தே தடுத்தாள்.

"இருங்க மாப்பிள்ளை, மொதல்ல கோடு போட்டுக்கறேன்."

ஈரக்கறையின் விளிம்பில் பென்சிலால் கோடிழுத்து வருஷத்தை எழுதினாள். பிறகு அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டும் வைத்தாள்.