கிருமி செத்த பிறகும் ஒரு மாத்திரை

1. லூசாக வந்த பீடி

தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளர் யாரும் நோயாளி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பத்தோடு தண்ணீர் புழங்கக்கூட ஆள் வராது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சொந்தக்காரி மாதிரி நடந்து போக வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போனேன். மருந்தை விட்டவர்களைத் தேடிப் பிடிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் விக்கிரமசிங்கபுரத்தில் இசக்கியம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய நிஜப் பெயர் அதுவல்ல. வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. இவள் பீடி சுற்றுவாள். கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்தை ஒரு வருடம் தவறாமல் சாப்பிட்டு முடித்தவள். அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் வலியோடு சிவந்த முடிச்சுகளும் காய்ச்சலும் வந்தன. இதை நாங்கள் ரியாக்‌ஷன் என்போம். ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினோம். ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்திய பின், கூட்டு மருந்தில் இருந்த குளோஃபாசிமின் என்ற சிவப்பு மாத்திரையை மட்டும் தொடரச் சொல்லியிருந்தோம்.

மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. இந்த வாரம் கழிவு கூடிப்போச்சுன்னு கடைக்காரர் ஏசுதாரு. பீடி லூசா இருக்காம்."

அவள் சுற்றிய பீடியைக் கடைக்காரர் அதுவரை கழித்ததே இல்லை.

"சொளவைக் கீழ வை. கையைக் காட்டு."

வலது கை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஓர் அட்டையை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இழுக்கும் முன்னே அட்டை நழுவி வந்தது. கண்ணை மூடச் சொல்லி, சுண்டு விரலில் பேனா முனையால் தொட்டேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"இன்னும் தொடலியாக்கா?" என்று கேட்டாள்.

முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை லேசாக அழுத்தினேன். துடித்துப்போனாள். நரம்பு வீங்கியிருந்தது. இப்படியே விட்டால் விரல்கள் மடங்கிவிடும், அதன் பிறகு பீடி இல்லை.

"மாத்திரை சாப்பிடுதியா இல்லியா?"

"நிறுத்தி ரெண்டு மாசமாச்சு."

"கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? யாரைக் கேட்டு நிறுத்தின?"

அவள் கோபப்படவில்லை. "நீங்கதானக்கா சொன்னிய, கிருமி செத்துட்டா நோய் போச்சுன்னு. போன தடவை தோலைச் சுரண்டிப் பாத்துட்டு, கிருமியே இல்லன்னும் சொன்னிய. செத்த கிருமிக்கு எதுக்கு மாத்திரை? அதைத் தின்னு மேலெல்லாம் வேற கருத்துப்போச்சு. மகளைப் பொண்ணு பாக்க வாராவ. அம்மைக்கு என்ன வியாதின்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

'கிருமி செத்தால் நோய் போச்சு' என்பது என்னுடைய வசனம். பயத்தைப் போக்க, ஊர் ஊராக நான் சொன்னதுதான். அதை நம்பித்தான் அவள் நிறுத்தியிருக்கிறாள்.

2. சீட்டின் பின்பக்கம்

அன்றைக்கே அவளைத் திருநெல்வேலியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். எங்கள் டாக்டரம்மா வள்ளியூர்ப் பெண், என் மகளை விடச் சின்னவர். மறுபடியும் ஸ்டீராய்டும் குளோஃபாசிமினும் எழுதினார். கையை அசைக்காமல் வைக்கப் பட்டை கட்டி வார்டில் படுக்க வைத்தோம்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டாளுவ டாக்டர்," என்றேன்.

"அவங்க கேட்டது நியாயந்தான சிஸ்டர்? கிருமி செத்த பொறவு அந்த மாத்திரை என்ன செய்யுது? நீங்க சொல்லுங்க."

"ரியாக்‌ஷனை அடக்குது."

"எப்படி?"

அத்தனை வருடம் அந்த மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் நான். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா ஒரு சீட்டின் பின்பக்கம் வட்டம் போட்டார். அது டி செல். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை. கிருமி செத்தாலும் அதன் சிதைவுகள் உடம்பில் நெடுநாள் கிடக்கும். அவற்றைப் பார்த்து டி செல் சண்டைக்குக் கிளம்பும். நடுவில் மாட்டி நாசமாவது நம் நரம்பு. சண்டையிட வேண்டுமானால் அந்த செல்லுக்குள் கால்சியம் தொடர்ந்து போயாக வேண்டும். அப்படிப் போவதற்கு உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். அது வெளியேறும் வாசல்தான் பொட்டாசியம் சேனல். உடம்பு தன்னையே தாக்கும் மூட்டு வாதத்திலும் சொரியாசிஸிலும் சண்டை போடும் செல்களில் இந்த வாசல் நிறைய இருக்குமாம். குளோஃபாசிமின் அதை அடைக்கிறது என்று சோதனைக் கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

"அதாவது, பஸ்ஸுல பின்வாசல் வழியா ஆள் எறங்கலன்னா முன்வாசல்ல ஏற முடியாது. அப்படித்தான?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா ஒண்ணு சிஸ்டர், மாத்திரை வேலை செய்யுததுக்கு இது மட்டுந்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லிறாதீங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்கு."

3. அவள் கேட்டது

மறுநாள் கட்டில் ஓரம் உட்கார்ந்து இசக்கியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

"அப்போ கிருமி செத்தது இந்த வெள்ளையணுவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பொணத்தோட சண்டை போடுது."

"இந்த மாத்திரை அதைப் பைய வெலக்கிவிடுது."

"ஆமா. வெலக்கிவிட வாரக்கணக்குல ஆகும். அதான் நிறுத்தக் கூடாது. நிறம் பைய மங்கிரும். ஆனா மாத்திரையை முடிச்ச பொறவும் மாசக்கணக்கா ஆகும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா. எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சியளோ?"

உண்மை அதுதான். புரியாது என்று நினைத்தேன். எனக்கே புரியாதது வேறு விஷயம்.

பிறகு பெண் பார்க்க வந்தவர்களிடம், தோலுக்கு மருந்து சாப்பிடுகிறேன், அந்த நிறம் இது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. அதன் பின் அவள் மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. வீக்கம் வடிந்தது, மோதிர விரலுக்கு உணர்ச்சி திரும்பியது. ஆறு மாதத்தில் பழையபடி சொளவை மடியில் வைத்தாள். பீடி இறுக்கமாக வந்தது.

சுண்டு விரல் மட்டும் மடங்கிவிட்டது, அதில் உணர்ச்சியும் திரும்பவில்லை. ஒவ்வொரு மாதமும் அதில் பேனாவால் தொட்டேன். ஒவ்வொரு மாதமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளி மருந்தை நிறுத்தினால் முதலில் அவளை ஏசாதீர்கள். நீங்கள் அவளிடம் எதைச் சொன்னீர்கள், எதை விட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாகப் பார்த்தபோது நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"விடுங்கக்கா. பீடிக்கு மத்த வெரலு போதும்," என்றாள்.

அவள் என்னைத் தேற்றினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.