இளைய ராணியின் காப்பு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சித்தி என்னைத் தினமும் பொழுது சாயும் நேரத்தில் பால் கொடுத்துக் கொன்றாள். கண்டிக்கு மேலே ஹந்தானையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நாடகத்துக்கான ஒத்திகை அது. சித்தி இளைய ராணி. செத்துப்போன மூத்த ராணி பெற்றுப் போட்ட பட்டத்து இளவரசன் நான். தன் மகன் அரியணை ஏற வேண்டும் என்ற ஆசையில் இளைய ராணி பாலில் விஷம் கலப்பாள். நான் குடித்துவிட்டு அவள் மடியிலேயே சாய்வேன். அப்புறம் செய்த பாவம் தாங்காமல் அவளுக்குப் புத்தி பேதலிக்கும். லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் ஒருவனுக்கும் செத்தபடி அசையாமல் கிடக்கத் தெரியவில்லை. அதனால்தான் இளவரசன் தலைப்பாகை பெண்பிள்ளையான என் தலைக்கு வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு ஒரே அறையில், ஒரே காம்பராவில்தான் இருந்தாள். அதுவரை எங்கள் தோட்டத்தில் ராணி வேஷமெல்லாம் ஆம்பிளைகள்தான் கட்டினார்கள். முந்தின வருஷத்து ராணிக்கு மீசை மழித்த தடம் பச்சையாகத் தெரிந்தது. நாடகம் எழுதிய பள்ளிக்கூட மாஸ்டர், இந்த முறை பெண்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம் சித்தியின் குரல். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மேட்டு லயத்தில் ஒளிந்திருக்கும் எனக்குக் காலெல்லாம் தானாக நடக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. டவுனிலிருந்து பாண் ரொட்டி சுற்றி வரும் பேப்பரை நீவி எடுத்து, அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, செய்தி வாசிப்பாள். எத்தனை நாள் பழைய செய்தியானாலும் அவள் வாசித்தால் சற்று முன்தான் நடந்ததுபோல இருக்கும்.

வேஷம் கட்டும் பெரியவர்களுக்குக் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள், அவ்வளவுதான். கட்டிவிட்டால் நாடகம் முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, நூலை அவிழ்க்கக்கூடாது. பிள்ளைகளுக்கு மட்டும் கட்டமாட்டார்கள். பிள்ளை உடம்பு காப்பைத் தாங்காது என்பார்கள். எனக்கு அதில் பெரிய மனவருத்தம். இளவரசனுக்கே காப்பு இல்லையென்றால் என்ன நாடகம்?

காப்புக் கட்டிய பிறகுதான் சித்திக்குப் போன் வந்தது. கொழும்பில் ஒரு டிவியில் தமிழ்ச் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் குரல் தேர்வு, திருவிழா வாரத்திலேயே. காப்போடு எல்லை தாண்டலாமா என்று சித்தி பூசாரியிடம் யாருக்கோ நடந்ததுபோல ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பேச்சே எடுக்காதே என்றுவிட்டார்.

தேர்வு நாளன்று அம்மா கொழுந்து பறிக்கவும் அப்பா டவுனில் கடை வேலைக்கும் போனபின் சித்தி கதவைச் சாத்தினாள். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் அவிழ்ந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காம்பராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெட்டியில் வைக்கக்கூடாது, ஆணியில் மாட்டக்கூடாது, தரையில் பட்டால் இன்னும் பாவம். கடைசியில் அவள் கண் என் மேல் விழுந்தது.

"கையக் குடு பாப்பா. நான் வர்ற வரைக்கும் நீ வச்சிரு. வெளிய எறங்காத, ஒருத்தர்கிட்டயும் சொல்லாத."

கையை நீட்டினேன். ஆசைப்பட்ட காப்புதான். ஆனால் அவள் செருப்புச் சத்தம் தேயிலைக்குள் தேய்ந்து மறைந்ததும் பெரியவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. தாங்காது என்றால் என்ன ஆகும்? கை எரியுமா, காய்ச்சல் வருமா? கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால் இருந்தது. வெளியே இறங்கக்கூடாதே என்று அதையும் அடக்கிக்கொண்டேன். யாராவது வாசலில் நடந்தால் அது கோயில் அம்மாளோ என்று நடுங்கினேன்.

சித்தி அம்மா வருமுன்னே வந்துவிட்டாள். மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்பாக. "என்னைய எடுத்தாச்சி பாப்பா. நேரம் வர்றப்ப கூப்புடுறாங்களாம்," என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கிவிடச் சொல்லி நான் கத்தினேன், அவசரம் எனக்குத்தான் தெரியும். காப்பு அவள் கைக்குத் திரும்பிப் போனது. கொழும்புக்குப் போனால் சித்தி இங்கே இருக்கமாட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கே அம்மாளிடம் வேண்டிக்கொண்டேன், சித்தி போகக்கூடாது என்று.

நாடகத்துக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல். விடிந்தபோது வயிற்றில் கொப்புளங்கள். "அம்மாள் வந்திருக்கா," என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். சித்தி என் வயிற்றைப் பார்க்கவில்லை. என் கையைத் திருப்பி, நூல் கட்டியிருந்த இடத்தை மட்டும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் அவள் முகம் வெளுத்துப்போனது.

தன்னால் நடிக்க முடியாது என்று சித்தி மாஸ்டரிடம் கெஞ்சினாள். திருவிழாவில் அம்மாளே வீடு தேடி வந்திருக்கிறாள், இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா, குளித்துவிட்டு நேராக மேடைக்கு வா என்றார் பூசாரி. இளவரசனுக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லை. ஒரு தலையணைக்குத் தலைப்பாகை கட்டி, பட்டுத் துணி சுற்றி, இளவரசன் தூங்கிக்கொண்டிருப்பதாக மாஸ்டர் கதையைத் திருத்தினார். செத்துக் கிடப்பதில் அது என்னைவிடக் கெட்டிக்காரத் தலையணை.

நான் பாயில் கிடந்து ஒலிபெருக்கியில் நாடகம் கேட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தாள். வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். ராணி பால் கொடுத்தாள். இளவரசன் இறந்தான். இனி "அரியணையே, உன் விலை இதுவா" என்று தொடங்கும் நீண்ட வசனம் வர வேண்டும். வரவில்லை. கரகரவென்று வெறும் இரைச்சல். வசனத்தை மறந்துவிட்டாளோ என்று நானே முதல் அடியை முணுமுணுத்தேன். அப்போது சித்தி பேசினாள், ராணியின் தமிழில் அல்ல, எங்கள் வீட்டுத் தமிழில்.

"கட்டுனத நாந்தானே அவுத்தேன் தாயி. பச்சப் புள்ள கையில கட்டிட்டு ஏம் போக்குல போயிட்டேனே. எனக்கு ஒண்ணும் வேணாம். புள்ளைய விட்டுரு. நான் எங்கயும் போகல."

சொல்லாதே என்று என்னிடம் சொன்னவள் ஊருக்கே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தில் போர்வையை வாயில் திணித்துக்கொண்டேன். அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. வெளியே அழுகைச் சத்தமும் அதைத் தூக்கியடிக்கிற கைதட்டலும் கேட்டன.

"என்னா நடிப்பு நடிக்கிறா பாரு இவ," என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்த வசனம் மாஸ்டருக்கு மிகவும் பிடித்துப்போனது. கதையில் காப்பே கிடையாது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் யார் ராணி வேஷம் கட்டினாலும் "கட்டுனத நாந்தானே அவுத்தேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் அழுகிறது.

நான் இப்போது தாதிப் பயிற்சியில் இருக்கிறேன். அம்மைக் கிருமி உடம்புக்குள் புகுந்து, கொப்புளம் வெளியே தெரிய இரண்டு வாரம்போல ஆகும் என்று வகுப்பில் படித்தேன். கணக்குப் பார்த்தால், சித்தி நூலை அவிழ்க்கும் முன்பே அது பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒட்டியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஓடிப்போய் சித்தியிடம் சொன்னேன். அவள் சீலை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்புடியா," என்றாள். மடிப்பை நேர் பார்த்து நீவி, அடுத்த சீலையை எடுத்தாள். அவளை அன்றைக்குப் பார்த்தபோது வலித்ததுபோல எனக்கு என்றைக்கும் நெஞ்சு வலித்ததில்லை.

எட்டு வயதில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நாடகம் முடிந்து சில நாளில், கொப்புளங்கள் காய்ந்து எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சித்திதான் மொண்டு ஊற்றினாள். திண்டில் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த நல்ல குரலில், செய்தி வாசிக்கும் குரலில், "இல்லீங்க, நான் வரல. வேற ஆள எடுத்துக்கங்க," என்றாள்.

"சித்தி, கொழும்புக்குப் போகலையா நீங்க?"

"போகல. கண்ண மூடிக்க, மஞ்சத் தண்ணி எரியும்."

என் வேண்டுதலை அம்மாள் கேட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கைகளை நான் சேர்த்துத் தட்டினேன், தட்டினேன், சித்தி போதும் என்று சொல்லும்வரை.